மஞ்சள் நாற்றில் நின்ற புரதம்

சென்ற மாதம், நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த உங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பெண் தன் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது. "பாத்துடி, மருதாசலம் பண்ணிப்போடாதே." இருவரும் சிரித்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"டியூபை மாத்தி ஊத்தறதுங்க சார். இங்க எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவோம்."

"யாரும்மா அது, மருதாசலம்?"

"தெரியலீங்க சார். பழைய ஆளு யாரோ. ஒரு சேம்பிளுக்குப் பதிலா இன்னொண்ண ஊத்தி, பெருசா கண்டுபுடிச்சதாச் சொல்லி மாட்டிக்கிட்டாராமா."

அந்தப் பழைய ஆள் என் மாணவர். அவர் எதையும் மாற்றி ஊற்றவில்லை. தவறு என்னுடையது. ஓய்வு பெற்ற பின் நிர்வாகத்திடம் நேரில் போய் இதைச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். ஆனால் மேசைகளுக்கு நடுவே புழங்கும் பேச்சை எந்த நிர்வாகமும் திருத்துவதில்லை. அந்தப் பெண்ணிடமாவது அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படி நீங்கள் கேட்டபோது வேறு சில நிகழ்ச்சிகளை மனத்தில் வைத்திருந்தேன். அவை இருக்கட்டும். இதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் கேள்வி சிக்கலானதல்ல. இலையில் ஒளியைச் சேகரிக்கும் புரதம், தான் வேலை செய்யும் இடத்தில் உருவாவதில்லை. செல்லுக்குள் பச்சையத்தை வைத்திருக்கும் பசுங்கணிகத்துக்கு வெளியே உருவாகி, அதன் உறைகளைக் கடந்து உள்ளே வருகிறது. வந்ததும் அதன் முன்பகுதி வெட்டப்படுகிறது. எண்ணெயோடு சேரும் இயல்புள்ள புரதம் அது. உள்ளே இருக்கும் நீர்ப்பகுதியில் தனியாக விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிப் போகும். அதனால் வேறொரு புரதம் அதைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உள்சவ்வில் சேர்க்கிறது. சவ்வை மூன்று முறை ஊடுருவி மடிந்து அது உட்காருகிறது. உட்கார்ந்தால் மட்டும் போதாது. பச்சையம் வந்து அந்த மடிப்புகளுக்குள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அங்கேயே இருக்கும் நொதிகள் புரதத்தைத் தின்றுவிடும். நுழைவது ஒரு காரியம், நிலைப்பது வேறு காரியம். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கேட்டது இரண்டாவதைப் பற்றி. பச்சையம் துளியும் இல்லாவிட்டால் இந்தப் புரதம் சவ்வில் நிற்குமா, நிற்காதா?

பச்சையம் இல்லாத இலைக்கு எங்கே போவது? பட்டாணியை இருட்டில் முளைக்க வைத்தால் போதும். கோவை வெயிலுக்குப் பட்டாணி ஒத்துவராது என்பதால் ஊட்டியிலிருந்து விதை வரவழைத்து, குளிரூட்டிய ஒரு சின்ன இருட்டறையில் தட்டுகளில் வளர்த்தோம். நாற்று மஞ்சளாக, நோஞ்சானாக நீண்டு நிற்கும். அந்த இலையிலிருந்து கணிகங்களைப் பிரித்தெடுத்து, கதிரியக்கம் ஏற்றிய புரதத்தை அவற்றோடு சேர்ப்போம். கொஞ்ச நேரம் கழித்து, வெளியே தங்கிய புரதத்தை ஒரு நொதியால் அழித்துவிடுவோம். சவ்வுக்குள் பத்திரமாக உட்கார்ந்தது மட்டும் பிழைக்கும். மாதிரிகளை ஒரு ஜெல் தகட்டின் சின்னக் குழிகளில் வரிசையாக ஊற்றி ஓடவிட்டால், அது எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புக் கோடாகத் தெரியும்.

இருட்டறைக்குள் போக வேண்டுமானால் பச்சை பல்பு ஒன்றை மட்டும் போட்டுக்கொள்ளலாம். மங்கலான பச்சை வெளிச்சம் செடியை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. அந்த அறையின் சாவி இருவரிடம் மட்டும் இருந்தது. ஒன்று என்னிடம், இன்னொன்று மருதாசலத்திடம். "அனுமதியின்றித் திறக்கக் கூடாது" என்ற அட்டையை எழுதிக் கதவில் ஒட்டியவன் நான்தான்.

மருதாசலம் தொண்டாமுத்தூர்ப் பக்கம். அப்பா, அம்மா இருவரும் பிறருடைய தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். அவர்கள் வீட்டில் கல்லூரி வரை வந்த முதல் ஆள் அவர். ஆய்வு உதவித்தொகையில் ஒரு பகுதி மாதாமாதம் ஊருக்குப் போகும். கலகலப்பானவர். நாற்றைப் பார்க்கக் கிளம்பும்போது, "மேட்னி ஷோ போயிட்டு வாரேனுங்க சார்" என்பார். பச்சை வெளிச்சத்தில் இலை கிள்ளிவிட்டு வெளியே வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, "பேய்ப் படமுங்க. ஈரோயின் எல்லாம் மெலிஞ்சு கெடக்குது" என்பார். கை அவ்வளவு நிதானமாக இருக்கும். கண்ணுக்கே தெரியாத அளவுத் திரவத்தைத் துளி சிந்தாமல் குழியில் இறக்குவார். அதைப் பார்ப்பதற்கென்றே மற்ற மாணவர்கள் வந்து நிற்பார்கள்.

ஒரு நாள் மதியம் எங்கள் குளிரறை இயந்திரங்களை வாங்கிக் கொடுத்த மில் முதலாளி மனைவியோடு வந்தார். பக்கத்து மண்டபத்தில் கல்யாணம், அப்படியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். மருதாசலம் அன்று ஊருக்குப் போயிருந்தார். வந்தவருக்கு எதைக் காட்டுவது? இயந்திரத்தைக் காட்டினால் இயந்திரம்தான் தெரியும். இருட்டறையைத் திறந்தேன். பச்சை பல்பில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. டியூப்லைட்டைப் போட்டேன்.

"ஏனுங்க டாக்டரு, இதென்னங்க, மஞ்சக்காமால புடிச்சாப்புல நிக்குது?"

"பொறந்ததுல இருந்து வெளிச்சமே பாக்கலீங்க. அதான் இப்படி."

அவர் மனைவி உள்ளே எட்டிப் பார்த்து, "பாவமுங்க. ஒரு லைட்டையாவது போட்டு வெக்கலாமில்லீங்க?" என்றார்.

"இப்பத்தான போட்டிருக்காரு, அது போதும் வா" என்று முதலாளி சொல்ல, எல்லோரும் சிரித்தோம். சிரித்தபடியே கதவைச் சாத்திவிட்டு அவர்களைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். புதுக் கட்டடம் ஒன்றைப் பற்றி அவர் பேச்செடுத்தார். நானும் பேசினேன். பிறகு வகுப்பு இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் டியூப்லைட்டை அணைக்கவில்லை என்று நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் அணைத்தேன். அணைக்கும் முன் நாற்றைக் குனிந்து பார்த்தேன். மஞ்சளாகத்தான் தெரிந்தது, அல்லது மஞ்சளாகத் தெரிய வேண்டும் என்று பார்த்தேன். மறுநாள் காலை அந்த நாற்றில்தான் சோதனை. கதிரியக்கப் பொருள் பம்பாயிலிருந்து வந்து இறங்கியிருந்தது. அதன் வலு நாளுக்கு நாள் குறையும். காத்திருக்க முடியாது. ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மருதாசலம் பச்சை வெளிச்சத்திலேயே இலையைக் கிள்ளி, அரைத்து, கணிகங்களைப் பிரித்தார். பச்சை வெளிச்சத்தில் மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவருக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் ஒன்று கேட்டார்.

"சார், கொஞ்சூண்டு தனியா எடுத்து, பச்சையம் இருக்குதான்னு அளந்துபோடலாமுங்களா?"

"இருக்கறதே கொஞ்சம், அதுலயும் வீணாக்கணுமா? இருட்டுல வளந்த நாத்துல பச்சையம் எங்கிருந்து கண்ணு வரும்?"

"சரிங்க சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். விளக்கு எரிந்தது என் நினைவிலேயே இல்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. நினைத்தேன் என்றாலும் முழு உண்மை ஆகாது. அளக்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது என்பது மட்டும் உறுதி.

ஃபிலிமைக் கழுவியபோது மஞ்சள் நாற்றின் வரிசையில் கறுப்புக் கோடு இருந்தது. புரதம் சவ்வில் நின்றிருந்தது. ஆய்வகமே கூடிவிட்டது. மருதாசலம் ஃபிலிமை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "பச்சையம் இல்லாமலே குடித்தனம் பண்ணுதுங்க!" என்றார். அன்று மாலை எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

மூன்று வாரத்தில் நான் பெங்களூர்க் கருத்தரங்கில் அந்தப் படத்தைக் காட்டினேன். ஒருவர் எழுந்து, "பச்சையம் அளந்தீர்களா?" என்று கேட்டார். "இருட்டில் வளர்ந்த நாற்று ஐயா" என்றேன். கைதட்டினார்கள். துறைத் தலைவர் பதவிக்கு என் பெயர் பேச்சில் இருந்த காலம் அது.

அதன் பிறகு அந்தக் கோடு வரவே இல்லை. மருதாசலம் திரும்பத் திரும்பச் செய்தார். நாற்று அதே இருட்டு, புரதம் அதே புரதம், ஃபிலிம் மட்டும் வெறுமை. போண்டா வாங்கிக் கொடுத்தவர் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். மேட்னி ஷோப் பேச்சும் நின்றுவிட்டது. ஒப்பிடுவதற்காக, கோடு எப்போதும் வரும் பச்சை இலையின் மாதிரியையும் பக்கத்துக் குழியில் ஊற்றுவது எங்கள் வழக்கம். முதல் தடவை அதைத் தவறுதலாக மஞ்சள் நாற்றின் குழியில் ஊற்றியிருப்பாரோ என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவன் நான்தான். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மற்றொரு மாணவரிடம், அவர் காதில் விழும்படிச் சொன்னேன். ஒரு வாரத்தில் அது ஆய்வகத்தின் முடிவாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில், "தவறுதலாத்தான் ஊத்துனாரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அவருடைய உதவித்தொகையை நீட்டிப்பதா என்று முடிவு செய்ய ஆய்வுக்குழு கூடியது. அது இல்லாவிட்டால் முனைவர் பட்டம் இல்லை. தலைமையில் இருந்த பேராசிரியர் ஒரு காலத்தில் எனக்கும் வழிகாட்டியாக இருந்தவர். யாரையும் அவசரப்பட்டுச் சந்தேகிக்க மாட்டார். ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"அந்த நாத்துக்கு எங்கயாச்சும் வெளிச்சம் பட்டிருக்குமா? இருட்டறைக்குள்ள யாராவது போனாங்களா?"

எனக்கு அந்தக் கேள்வி தோன்றியே இருக்கவில்லை என்று இப்போது சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

மருதாசலம் எழுந்து நின்று சொன்னார்: "இல்லீங்க சார். சாவி எங்கிட்டயும் சார்கிட்டயும் மட்டுந்தானுங்க இருக்குது. நான் பச்ச பல்பு தவிர எதையும் போட்டதில்லீங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அது சந்தேகப் பார்வை இல்லை. நான் எடுத்துப் பேசுவேன் என்ற நம்பிக்கையோடு பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மில் முதலாளி, அவர் மனைவி, டியூப்லைட், கார் வரைக்கும் போன பேச்சு எல்லாம் ஒன்றாகக் கண் முன் வந்து நின்றன. அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு மதியம் முழுவதும் எரிந்த விளக்கில் நாற்றில் கொஞ்சம் பச்சையம் ஊறியிருக்கிறது. அந்தக் கொஞ்சம் போதும், புரதத்தைப் பிடித்து நிறுத்த. ஃபிலிம் பொய் சொல்லவில்லை, மருதாசலத்தின் கையும் பொய் சொல்லவில்லை.

"நான் உள்ள போக வேண்டிய அவசியமே வந்ததில்லைங்க" என்றேன்.

பேராசிரியர் தலையாட்டினார். மருதாசலம் மெதுவாக உட்கார்ந்தார். உதவித்தொகை நீட்டிக்கப்படவில்லை. கூட்டம் முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது பேராசிரியர் என் தோளைத் தொட்டு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். கூலிக்காரர் வீட்டுப் பையன் சொன்னால் யோசிப்பார்கள், நான் சொன்னால் நம்புவார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதை நம்பித்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

மருதாசலம் தன் மேசையைத் துடைத்துச் சுத்தமாக வைத்துவிட்டுப் போனார். என்னிடம் வந்து, "எங்க தப்பு பண்ணிப்போட்டேன்னே தெரியலீங்க சார். மன்னிச்சுப்போடுங்க" என்றார். "பரவாயில்ல, விடு" என்றேன். நான் வாழ்க்கையில் பேசிய பேச்சுகளிலேயே மோசமானது கூட்டத்தில் சொன்னதா, இதுவா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

சில மாதங்கள் கழித்து, எல்லோரும் விடுமுறையில் இருந்தபோது, நானே நாற்று வளர்த்தேன். ஒரு மதியம் டியூப்லைட்டை எரியவிட்டேன். இந்த முறை பச்சையத்தையும் அளந்தேன். மிகக் கொஞ்சமாக இருந்தது. ஃபிலிமில் அதே கோடு, அதே இடத்தில் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு கொஞ்சம் பச்சையமே ஒரு புரதத்தை நிலைக்க வைத்துவிடுகிறதா என்ற மகிழ்ச்சி. யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினேன். சொல்ல வேண்டிய ஆளை நானே அனுப்பியிருந்தேன். அந்த முடிவை நான் எங்கும் எழுதவில்லை. எழுதினால் முதல் சோதனையில் விளக்கு எப்படி எரிந்தது என்று சொல்ல வேண்டி வரும்.

இளையவர்களே, ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாமல் எதையும் நம்பாதீர்கள் என்று உங்களுக்கு எல்லோரும் சொல்வார்கள். நான் அதற்கு அடுத்ததைச் சொல்கிறேன். ஒரு முடிவு விளங்காதபோது கேள்வி கேட்கப்பட வேண்டியவர்களில் உங்கள் வழிகாட்டியும் ஒருவர். "சார், நீங்க உள்ள போனீங்களா?" என்று மருதாசலம் என்னைக் கேட்கவில்லை. அவருடைய மரியாதை தடுத்தது. அந்த மரியாதைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். உங்களில் சிலர் நாளை வழிகாட்டிகள் ஆவீர்கள். அந்தக் கேள்வியை மாணவர் உங்களைக் கேட்க முடிகிற மாதிரி நடந்துகொள்ளுங்கள். விளக்கை அணைத்த அன்று மாலையே சொல்லியிருந்தால் எனக்கு நட்டம் ஒரு தட்டு நாற்று. பெங்களூருக்குப் பின் சொல்லியிருந்தால் கொஞ்சம் தலைகுனிவு. கூட்டத்தில் சொல்லியிருந்தால் ஒருவேளை பதவி. தள்ளிப்போடப் போட விலை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அதைக் கட்டியவன் நானுமல்ல.

ஓய்வு பெற்ற ஆண்டு, அவர் கொடுமுடியில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருக்கிறார் என்று தெரிந்து பஸ் ஏறினேன். காவிரிக்குப் பக்கத்தில் சின்ன வீடு. என்னைக் கண்டதும், "வாங்க சார், வாங்க! ஊட்டுக்குள்ள வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். தலையில் நரை விழுந்திருந்தது. அவர் மனைவி காபி கொண்டுவந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மருதாசலம் எழுந்து போய் வாசல் கேட்டின் கொண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் போனார்.

"இவரு எப்பவுமே இப்படித்தானுங்க" என்று அவர் மனைவி சிரித்தார். "கேஸ மூடுனமா, கொண்டி போட்டமான்னு திரும்பத் திரும்பப் பாக்கோணும். பரிட்சைப் பேப்பர் திருத்துனா மார்க்க என்னையக் கூட்டச் சொல்லுவாரு. நான் பத்தாவதுங்க. நான் கூட்டுனாத்தான் நம்புவாரு."

"ஏய், சும்மா இரு" என்றபடி மருதாசலம் வந்து உட்கார்ந்தார். "எங்கிட்ட அந்தக் கொற உண்டுங்க சார். நான் எதயாச்சும் மாத்திப் பண்ணிப்போடுவேன். உங்களுக்குத்தான் தெரியுமே."

அவர் பட்டத்தை மட்டும்தான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான்.

அம்மணி உள்ளே போனதும் சொன்னேன். மில் முதலாளி வந்தது, விளக்கு, சாயங்காலம் அணைத்தது, கூட்டத்தில் சொன்ன பொய், பிறகு நானே செய்து பார்த்தது. எதற்கும் காரணம் சொல்லவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பச்சையம் எவ்வளவு இருந்துச்சுங்க?" என்றார்.

சொன்னேன்.

"அவ்வளவுதானுங்களா?" அவர் முகத்தில் ஒரு கணம் அந்தப் பழைய மாணவர் வந்து போனார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். "அப்ப நான் மாத்தி ஊத்தலீங்களா?"

"இல்ல மருதாசலம்."

"நானே ஊத்தியிருப்பேன்னுதானுங்க இத்தன வருசமா நெனச்சுட்டு இருக்கறேன். அந்தக் காலையில செஞ்சத ஒவ்வொண்ணா நெனச்சு நெனச்சுப் பாப்பேன். எந்த எடத்துல கை தவறுச்சுன்னு புடிபடவே இல்லீங்க. புடிபடாததால, எல்லா எடத்துலயும் தவறியிருக்கும்னு முடிவு பண்ணிக்கிட்டேன்."

நிறுவனத்தில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகச் சொன்னேன். "அது உங்க இஷ்டமுங்க சார்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"சார் ஒண்ணு சொல்றாரு. வந்து கேளு."

அவர் வந்து கதவோரம் நின்றார். அறிவியல் எதுவும் பேசாமல், உங்கள் கணவர் மேல் விழுந்த பழி பொய், தவறு செய்தவன் நான், அதை மறைத்ததும் நான் என்று சொன்னேன். அம்மணி கேட்டார்.

"அப்ப இவரு கை சரியாத்தான் இருந்துச்சுங்களா?"

"சரியாத்தான் இருந்துச்சும்மா."

"என்னையப் பாத்துச் சொல்லாதீங்க" என்றார் அவர். "அவரப் பாத்து, இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன்.